கயாக்கில் தண்ணீர் ஏறினால்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

செட்டிநாட்டில் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகு வைத்திருப்பவர்களுக்கு வருஷத்தில் இரண்டு பருவம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகி, தை மாசி வரை தண்ணீர் நிற்கும் காலம் ஒன்று. கண்மாய் வற்றிய பிறகு வண்டியில் கட்டிக்கொண்டு தொண்டிக் கடல் பக்கமோ, காரங்காட்டு அலையாத்திக் காட்டுப் பக்கமோ போகும் காலம் இன்னொன்று. மற்ற நாளெல்லாம் படகு வீட்டில் கிடக்கிறது. திண்ணையில் இடம் இருந்தால் திண்ணை, இல்லாவிட்டால் பின்கட்டில் வெயில். கோளாறில் பாதி அப்படிக் கிடக்கும்போதுதான் உண்டாகிறது. தெரிய வருவது மட்டும் தண்ணீரில் இறக்கிய பிறகு.

கீழே உள்ளவை அறிகுறிவாரியாக இருக்கின்றன. உங்கள் படகுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் சோதனையை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

எதற்கும் முன்னால்: படகை வேண்டுமென்றே நிரப்புங்கள்

இடுப்பளவு தண்ணீர், கால் படுகிற தரை, கூடவே இன்னொருவர். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படகைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். உள்ளே எவ்வளவு தண்ணீர் போகுமோ அவ்வளவும் போகட்டும். இப்போது படகு மட்டமாகக் கிடக்கிறதா, ஒரு முனை கீழே போகிறதா? உட்காரும் பள்ளத்தின் விளிம்பு தண்ணீருக்கு மேலே தெரிகிறதா? பக்கத்தில் தொற்றிக்கொண்டால் தாங்குகிறதா, உருளுகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாத படகை ஆழத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. காலிப் படகு மிதப்பது ஒரு செய்தியே இல்லை, நிரம்பிய படகு எப்படி மிதக்கிறது என்பதுதான் பாதுகாப்பு.

"பிளாஸ்டிக்தானே சார், மூழ்கவே மூழ்காது" என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. வார்த்தெடுத்த கயாக்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன். லிட்டருக்குச் சுமார் 0.95 கிலோ, அதாவது தண்ணீரைவிடக் கொஞ்சமே இலேசு. 25 கிலோ பாலிஎத்திலீன் தன்னையும் தாங்கி மிச்சமாகத் தாங்கக்கூடியது ஒன்றேகால் கிலோ சொச்சம். இருக்கைக் கம்பி, திருகு, பிடி என்று அதுவும் செலவாகிவிடும். படகை மிதக்க வைப்பது அதற்குள் அடைபட்ட காற்று. அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தால் லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் மிதப்பு போய்விட்டது என்று அர்த்தம். ஃபைபர் கிளாஸ் படகு என்றால் அந்த ஒன்றேகால் கிலோவும் கிடையாது. அது தண்ணீரைவிடக் கனம்.

கவிழ்ந்ததும் ஒரு முனை மூழ்கி, மறுமுனை செங்குத்தாக நிற்கிறது

இது சிட்-இன் வகையின் வியாதி, அதாவது உள்ளே காலை நீட்டி உட்காரும் கயாக். விலை குறைந்த பொழுதுபோக்குக் கயாக்குகளில் பின்பக்கம் மட்டும் ஒரு தடுப்புச் சுவர் வைத்து, அதற்குப் பின்னால் காற்றறை விட்டிருப்பார்கள். முன்பக்கம் திறந்தவெளி. கவிழ்ந்து நிரம்பியதும் பின்முனையான அமரம் மேலே எழும்பும், முன்முனையான அணியம் தண்ணீர் குடித்துக் கீழே இறங்கும். அப்படி நிற்கிற படகில் ஏறவும் முடியாது, தண்ணீரை இறைக்கவும் முடியாது. ஆழமில்லாத இடமென்றால் மூக்கு சகதியில் குத்திக்கொள்ளும்.

முன்பக்கம் நடுவே நிற்கிற ஃபோம் தூணைக் காட்டி "மிதவை இருக்கிறதே" என்பார்கள். அந்தத் தூணின் வேலை மேல்தளம் அமுங்காமல் முட்டுக் கொடுப்பது. அது கொடுக்கிற மிதப்பு ஒரு முனையைத் தூக்கப் போதாது. தூண் தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். தளர்ந்த தூண் கவிழும்போது சாய்ந்து காலை அழுத்தும்.

தீர்வு இரண்டு முனையிலும் மிதவை. விலைக்குக் கிடைக்கும் மிதவைப் பைகள் முனையின் கூர்மைக்கு ஏற்ற வடிவில், ஊதுகுழாய் நீளமாக வரும். பையைக் காலியாக உள்ளே தள்ளி, முனை வரை போன பிறகு ஊத வேண்டும். ஊதிவிட்டுத் தள்ளினால் பாதியில் நின்றுகொள்ளும். ஊதிய பை வெளியே வராதபடி அதன் எதிரே குறுக்கே கயிறு பின்னிக் கட்டுங்கள். கட்டாத பை, தண்ணீர் ஏறியதும் பள்ளத்தின் வழியாக வெளியே எழும்பி வந்துவிடும். அப்புறம் பை தனியாக மிதக்கும், படகு தனியாக மூழ்கும்.

பை வாங்க மனமில்லையென்றால் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்கள். கேலிக்குச் சொல்லவில்லை. மூடி இறுகிய ஒரு பாட்டில் ஏறக்குறைய இரண்டு கிலோ தாங்கும், இருபது பாட்டில் என்றால் 40 கிலோ. வெங்காயம் வரும் வலைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, சாக்கைப் படகோடு கட்டிவிடலாம். சாதாரணக் குடிதண்ணீர் பாட்டில் வேண்டாம், அது மெலிசு. சோடா, கோலா வந்த பாட்டில்தான் அழுத்தம் தாங்கச் செய்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பிளாஸ்டிக் கேனை முதுகில் கட்டிக்கொண்டு கண்மாயில் நீச்சல் பழகுவதும் இதே கணக்கில்தான். மூடி கழன்றால் கதை மாறிவிடும் என்பதும் அதே கணக்குத்தான்.

எவ்வளவு மிதவை வேண்டும்? எவ்வளவு அடைக்க முடியுமோ அவ்வளவு. காரணம் தாங்கும் சக்தி மட்டுமில்லை. ஒரு படகின் உள்ளளவு 300 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு முனையிலும் 60 லிட்டர் பை இருந்தால் ஏறக்கூடிய தண்ணீர் 180 லிட்டர்தான். நல்ல கைப்பம்பு நிமிடத்துக்கு 20, 30 லிட்டர் இறைக்கும். 180 லிட்டரை இறைக்கலாம், 300 லிட்டரை இறைப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். அதைவிட முக்கியம் விளிம்பு. அது தண்ணீருக்குக் கீழே இருந்தால் நீங்கள் இறைக்க இறைக்கக் கண்மாயே உள்ளே வந்துகொண்டிருக்கும். மிதவையைக் கூட்டிக் கூட்டி நிரப்புச் சோதனையைத் திரும்பச் செய்து, விளிம்பு நாலு விரற்கடையாவது மேலே தெரியும்வரை விடாதீர்கள்.

கிளம்பும்போது நன்றாக இருந்தது, அரை மணியில் மந்தமாகி ஆடுகிறது

இது சிட்-ஆன்-டாப், அதாவது மேலே உட்காரும் மூடிய உடல் கொண்ட கயாக். கவிழ்ந்தாலும் நிரம்பாது, ஏறி உட்காரலாம், மேலே விழும் தண்ணீர் வடிதுளை வழியாகத் தானே இறங்கிவிடும். புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். ஆனால் இதன் நோய் கண்ணுக்குத் தெரியாது. மூடிய உடலுக்குள் தண்ணீர் கசிந்தால் மேலே உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை. துடுப்புப் போட்டால் படகு போக மாட்டேன் என்கிறது, திரும்பினால் தேவைக்கு மேல் சாய்கிறது, அவ்வளவுதான் அறிகுறி.

உள்ளே 30 லிட்டர் தண்ணீர் இருந்தால் 30 கிலோ சுமை என்று மட்டும் நினைக்கக் கூடாது. கட்டிவைத்த 30 கிலோ மூட்டை நகராது. தண்ணீர் நகரும். படகு இடப்பக்கம் லேசாகச் சாய்ந்ததும் அவ்வளவும் இடப்பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். அதனால்தான் மூழ்குவதற்கு வெகு முன்பே படகு கவிழ்ந்துவிடுகிறது. நடுவில் ஒருதரம் நிறுத்தி, இடுப்பை ஆட்டி, உள்ளே 'களக் களக்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் கரைக்குத் திரும்ப வேண்டியதுதான், அதுவும் கிட்டத்தில் எந்தக் கரை இருக்கிறதோ அந்தக் கரைக்கு. "எவ்வளவு ஏறியிருக்கிறது, பார்ப்போம்" என்று தண்ணீர் நடுவில் ஹேட்ச் மூடியை, அதாவது உடலுக்குள் போகும் வாயின் மூடியை, திறக்காதீர்கள்.

கரையில் கசிவைத் தேடும் வரிசை: முதலில் வடிகால் திருகு. அதன் ரப்பர் வாஷர் வெயிலில் விறைத்திருக்கும், இல்லாவிட்டால் திருகே வண்டியில் கிடக்கும். சிரிக்காதீர்கள், அடிக்கடி நடப்பது இதுதான். அடுத்து ஹேட்ச் மூடியின் விளிம்பில் மணல். பிறகு இருக்கைப் பட்டி, தூண்டில் தாங்கி போன்றவற்றைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள். எல்லாம் சரியாக இருந்தால் வடிதுளைக் குழாய்கள் அடித்தட்டோடு சேரும் இடம். துளைக்குள் நுழைக்கும் வகைத் தள்ளுவண்டியில் ஏற்றி மேடு பள்ளத்தில் இழுத்தால் அங்கேதான் வெடிக்கும். கடைசியாக அமரத்தின் அடிப்பகுதி. நம் பக்கத்துச் செம்புறாங்கல் தரையில் தரதரவென்று இழுத்துப் போகும் படகுக்கு அந்த இடம் தேய்ந்து தாளாகிவிடும்.

கண்ணுக்குப் படவில்லையா? இரண்டு பெஞ்சில் படகை வைத்து, உள்ளே இரண்டு மூன்று வாளித் தண்ணீரில் கொஞ்சம் சொட்டு நீலம் கலந்து ஊற்றி, மெதுவாக உருட்டுங்கள். வெளிப்பக்கம் எங்கே நீலம் கசிகிறதோ அதுதான் இடம். படகு முழுக்க நிரப்பிவிடாதீர்கள், அந்தக் கனத்தில் உடலே பிதுங்கிவிடும். டயர் கடைக் கம்ப்ரஸரில் காற்றடித்துப் பார்ப்பதும் வேண்டாம். வடிகால் துளையில் குழாய் வைத்து வாயால் ஊதி, வெளியே சோப்பு நுரை தடவினாலே குமிழி காட்டிக்கொடுக்கும்.

ரிவெட் விஷயத்தில் ஒரு சேதி. தொண்டிக்கு அடிக்கடி போகும் படகில் அலுமினிய ரிவெட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையமும் ஒன்றையொன்று தொட்டால், உப்புத் தண்ணீர் நடுவில் நின்று மின்கலம் உண்டாக்கி அலுமினியத்தை அரித்துவிடும். வெளியே தலை பளபளவென்று இருக்கும், உள்ளே மாவாகியிருக்கும். அரிப்பைப் பற்றி ஆராய்வதையே ஒரு வேலையாக வைத்திருக்கும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது, நாம்தான் நல்ல தண்ணீரில் படகைக் கழுவாமல் கொண்டுபோய்ச் சாத்துகிறோம்.

விரிசலை ஒட்டுவது எப்படி? பசை வேலைக்காகாது. எம்-சீல், ஃபெவிக்விக் எதுவும் பாலிஎத்திலீனைப் பிடிக்காது. ஒட்டியதுபோல இருந்து, ஒரு தரம் வளைந்ததும் தகடாகப் பெயர்ந்து வரும். சூடு வைத்து அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கித்தான் சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் குடம், தண்ணீர்த் தொட்டி ஒட்டுகிறவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் உண்டு. அவரிடம் போனால் இரண்டு விஷயம் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்: "அண்ணே, விரிசலோட ரெண்டு முனையிலயும் சின்னதா ஒரு ஓட்டை போட்டுட்டு ஒட்டுங்க. வேற கலர் கம்பி வேணாம், இந்தப் படகுலயே சுரண்டி எடுத்து ஒட்டுங்க." ஓட்டை போட்டால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. சுரண்டியெடுத்த பிளாஸ்டிக் என்றால் இரண்டும் ஒரே சாதி, நன்றாகக் கலக்கும்.

ஒட்டிய பிறகும் நம்பிக்கை வைக்க வேண்டியது ஒட்டில் இல்லை. ஹேட்ச் வழியாக உடலுக்குள் நீச்சல் பழகும் ஃபோம் குழல்களையோ மேலே சொன்ன பாட்டில் சாக்குகளையோ அடைத்துவிடுங்கள். சிட்-ஆன்-டாப்புக்கு மிதவை தேவையில்லை என்பது, உடலில் ஓட்டை விழாதவரைக்கும் மட்டும் உண்மை.

எங்குமே விரிசல் இல்லை, ஆனாலும் பின்னறையில் தண்ணீர்

வண்டி மேலே வெயிலில் வந்த படகா? அப்படியென்றால் வெயில்தான் காரணம். வீட்டில் 27 டிகிரியில் மூடிய அறைக்காற்று, சித்திரை வெயிலில் 60 டிகிரிக்குப் போனால் நூற்றுக்குப் பதினோரு பங்கு விரியும். அறை 70 லிட்டர் என்றால் ஏழெட்டு லிட்டர் காற்று மூடி விளிம்பு வழியாக வெளியேறிவிடும். பிறகு படகைக் குளிர்ந்த கண்மாயில் இறக்குகிறீர்கள். காற்று சுருங்குகிறது, உள்ளே வெற்றிடம் இழுக்கிறது, மூடி விளிம்பில் நிற்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மூடி உள்வாங்கிக் குழிந்திருந்தால் இதுவேதான்.

இதற்காகவே தடுப்புச் சுவரில் ஊசி பருமனுக்கு ஒரு துளை விட்டிருப்பார்கள். அதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிட்டீர்களா, பாருங்கள். துளை இல்லாத படகென்றால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்படாமல், சுவரின் மேற்பகுதியில் ஒன்று போடலாம். கவிழ்ந்தாலும் அதன் வழியே வருவது சொற்பம். அதைவிட எளிது, வண்டியில் வரும்போது மூடியைத் திறந்து வைத்து, படகைத் தண்ணீரில் இறக்கிச் சற்று ஆறவிட்டுப் பிறகு மூடுவது. மிதவைப் பைக்கும் இதே விதிதான். வெயிலில் நிற்கும்போது இறுக்க ஊதியிருந்தால் தையல் விடும். தளர விட்டுக் கொண்டுவந்து, தண்ணீரில் வைத்து இறுக்க வேண்டும்.

தடுப்புச் சுவரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீலன்ட் விட்டிருக்கிறதா என்று பார்க்க, பின்னறையில் மட்டும் தண்ணீர் ஊற்றி, படகின் மூக்கைத் தாழ்த்திப் பிடித்தால் போதும். முன்பக்கம் ஈரம் வந்தால் சுத்தம் செய்து புதிதாகப் பூச வேண்டும்.

வருஷா வருஷம் படகு கனத்துக்கொண்டே போகிறது

உங்களுக்கு வயது கூடியது ஒரு காரணமாக இருக்கலாம். மூட்டை நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டிப் பாருங்கள். வாங்கும்போது சொன்ன எடையைவிட இரண்டு மூன்று கிலோ ஏறியிருந்தால் உள்ளே உள்ள ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது. தெர்மோகோலும், ஊற்றி உறையவைக்கும் பாலியூரித்தேன் ஃபோமும் நாள்பட நீர் ஏற்கும். மூடிய கண்களுள்ள பாலிஎத்திலீன் ஃபோம் ஏற்காது. சந்தேகமென்றால் ஒரு துண்டு வெட்டி நிறுத்து, இரவு முழுக்கச் செங்கல் வைத்துத் தண்ணீருக்குள் அமுக்கி, காலையில் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

தெர்மோகோலுக்கு வேறு சங்கடங்களும் உண்டு. பெட்ரோல் பட்டால் கரையும். பழைய வீட்டு எலிக்கும் எறும்புக்கும் அதில் குடியிருக்கப் பிடிக்கும். உதிர்ந்தால் கண்மாய் முழுக்க வெள்ளைக் குருணை, மீன் குத்தகைக்காரரிடம் பேச்சு வாங்க வேண்டியதுதான்.

ஊதும் கயாக் பாதி வழியில் தொளதொளக்கிறது

ஓட்டை என்று முடிவு கட்டுவதற்கு முன் சூட்டைக் கழித்துவிடுங்கள். இந்த வகைச் சாதாரணக் கயாக்கின் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ சுற்றளவில்தான். கரை வெயிலில் 50 டிகிரி சூட்டில் ஊதி, 30 டிகிரித் தண்ணீரில் விட்டால் அந்த அழுத்தத்தில் பெரும்பங்கு காணாமல் போய்விடும். தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கழித்து ஒரு தரம் ஊதிக்கொண்டால் சரி. திரும்பி வந்து வெயிலில் கிடத்தும்போது மறக்காமல் காற்றை இறக்க வேண்டும்.

அப்படியும் இறங்கினால் வால்வில் சோப்புத் தண்ணீர், பிறகு தையல் ஓரம், கடைசியில் அடிப்பகுதி. நம் கண்மாய்களில் அடிப்பகுதிக்கு எதிரி சீமைக்கருவேலம். உள்வாயில் வெட்டிப்போட்ட முள்ளும், தண்ணீருக்குள் மறைந்த கட்டையும் தாராளம். தண்ணீர் குறைந்த மாசியில் இன்னும் மோசம். இந்தக் கயாக்கின் பிவிசியில் பஞ்சர் கடை ரப்பர் சொல்யூஷனும் பிடிக்காது, டியூபுக்குப் போடும் ஒட்டும் பிடிக்காது. குழாய் ஒட்டும் சிமென்ட் காய்ந்து நொறுங்கும். பிவிசித் துணியும் அதற்குரிய பசையும்தான் வேண்டும், ஒட்டி ஒரு நாள் பாரம் வைக்க வேண்டும். வாங்கும்போது காற்றறை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஓர் அறை முழுக்கப் போனாலும் மிச்ச அறைகள் உங்களைத் தாங்க வேண்டும். அதையும் கரையோரம் ஒரு வால்வைத் திறந்துவிட்டு, மேலே உட்கார்ந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் காதுவரை ஏறுகிறது

படகைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைச் சுருக்க முடியாது. படகு போனாலும் கூட இருப்பது இதுதான்.

போட்டுக்கொண்டு பட்டிகளை இறுக்கிய பிறகு, இன்னொருவர் தோள்பட்டியைப் பிடித்து மேலே தூக்கட்டும். தாடைக்கு மேலே ஏறினால் தளர்ச்சி, இல்லையென்றால் அளவு பெரிது. இடுப்புப் பட்டியை முதலில் இறுக்கி, அப்புறம் பக்கப் பட்டி, கடைசியில் தோள். வரிசை மாறினால் ஜாக்கெட் மேலே போய்த்தான் நிற்கும். பிறகு கழுத்தளவு தண்ணீரில் காலைத் தூக்கிப் பாருங்கள். தாடை நனையாமல் மூச்சு விட முடிய வேண்டும்.

'வளர்ற பிள்ளைதானே' என்று பாவாடை சட்டையை ஒரு சுற்றுப் பெரிதாக எடுப்பது நம் வழக்கம். ஜாக்கெட்டில் அது ஆபத்து. பெரிய ஜாக்கெட்டிலிருந்து பிள்ளை கீழே நழுவிவிடும். வயதைப் பார்க்காதீர்கள், எடையைப் பார்த்து எடுங்கள். கால்களுக்கு இடையே போகும் பட்டி, தலையைத் தாங்கும் காலர், பின்கழுத்தில் பிடித்துத் தூக்கக் கைப்பிடி, மூன்றும் இருக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் லேபிளில் நியூட்டன் கணக்குப் போட்டிருக்கும். 50 என்பது நீந்தத் தெரிந்தவர், கரை பக்கத்தில் உதவி இருக்கும்போது. நீந்தத் தெரியாதவருக்கு 100 வகைதான் பொருத்தம். நியூட்டனே போடாமல் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் மட்டும் வரும் ஜாக்கெட்டைப் பிரித்தால், டிவி பெட்டியில் சுற்றி வரும் மெல்லிய பேக்கிங் ஷீட் இருக்கும். அது அமுங்கி அமுங்கிக் காற்றை இழந்துவிடும்.

பழைய ஜாக்கெட் இன்னும் தாங்குமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மளிகைக்கடை இரும்பு எடைக்கல் வேண்டும், ஒரு டிரம் தண்ணீர் வேண்டும். இரும்பு தண்ணீருக்குள் எட்டில் ஒரு பங்கு எடையை இழக்கும். ஆகவே 8 கிலோ கல் தண்ணீரில் 7 கிலோவாக இழுக்கும். 70 நியூட்டன் ஜாக்கெட் அதைத் தாங்கி மிதக்க வேண்டும். 50 நியூட்டன் ஜாக்கெட்டுக்கு ஐந்தேமுக்கால் கிலோ கல். முக்கால் மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள், மெதுவாக மூழ்குகிற ஜாக்கெட்டும் உண்டு. பெரியவர் ஒருவரின் தலையைத் தண்ணீருக்கு மேல் வைக்கக் கூடுதலாகத் தேவைப்படுவது பொதுவாக 3 முதல் 5 கிலோ வரைதான் என்பதால், ஒன்றிரண்டு கிலோ குறைந்தாலே வித்தியாசம் உயிரளவு.

ஒரு காலத்தில் லைஃப் ஜாக்கெட்டில் அடைத்ததே நம் தலையணை இலவம்பஞ்சுதான். இழைக்குள் காற்று, மேலே மெழுகுப்பூச்சு, எனவே நன்றாகத் தாங்கும். ஆனால் அமுக்கினால் போச்சு. இன்றைய ஃபோமும் அந்தக் குணத்தை முழுக்க விட்டுவிடவில்லை. ஜாக்கெட்டை மடித்து ஆசனமாகப் போட்டு உட்காராதீர்கள், டிக்கியில் பெட்டிக்கு அடியில் திணிக்காதீர்கள், முற்றத்து வெயிலில் நாள்கணக்கில் காயப்போடாதீர்கள். நிறம் வெளுத்த துணியை நகத்தால் கீறிப் பாருங்கள், நூல் பிரிந்தால் அதோடு சரி.

அப்புறம் வேட்டி. கரையில் மரியாதை, தண்ணீரில் கால்கட்டு. அரைக்கால்சட்டை போதும்.

படகில் திரும்ப ஏற முடியவில்லை

சிட்-ஆன்-டாப் என்றால்: நிமிர்த்துங்கள், நடுப்பக்கத்தில் நின்று மறுபக்க விளிம்பையோ பட்டியையோ எட்டிப் பிடியுங்கள், கால்களைப் பின்னால் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து உதைத்து வயிற்றைப் படகின் குறுக்கே போடுங்கள், புரண்டு உட்காருங்கள், கடைசியில் கால். கையால் தொங்கி ஏறப் பார்த்தால் படகுதான் உங்கள்மேல் ஏறும்.

சிட்-இன்னில் தனியாக ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு முடியாத காரியம், பொழுதுபோக்குக் கயாக்கின் அகன்ற பள்ளம் அவ்வளவு தண்ணீரை வைத்திருக்கும். இன்னொரு படகு குறுக்கே வந்து, உங்கள் அணியத்தைத் தன்மேல் இழுத்துத் தண்ணீரைக் கொட்டித் தர வேண்டும். அந்த இன்னொரு படகு இல்லாத நாளில் நீந்திக் கரையேறும் தூரத்துக்குள்ளேயே இருங்கள்.

இரண்டு பேர் ஏறினால் தளம் நனைகிறது

சுமை அதிகம். பெட்டியில் எழுதியிருக்கும் அதிகபட்சச் சுமை என்பது மிதக்கும் எல்லை, ஓட்டும் எல்லை இல்லை. அதில் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்தினால் நிம்மதி. கண்மாய் நல்ல தண்ணீரில் படகு கடலைவிடச் சற்றே தாழும், நூற்றுக்கு இரண்டரைப் பங்கு. அதைச் சாக்காகச் சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை.

மிதவையால் தீராதவை

கண்மாய் நிரம்பி வழியும் கலுங்கில் மறுகால் போகும்போது அந்தப் பக்கமே வேண்டாம். மேலிருந்து பார்த்தால் தண்ணீர் அமைதியாக வழியும், கீழே விழுந்து திரும்பச் சுழலும் இடத்தில் படகும் ஜாக்கெட்டும் உங்களைக் காப்பாற்றாது. மடை திறந்திருக்கும்போது அதன் அருகிலும் அப்படித்தான், உறிஞ்சல் மேலே தெரியாது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். ஊர்க்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள், மடை எப்போது திறப்பார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். குடிக்கிற ஊருணியில் கால்கூட வைக்கக் கூடாது. வேட்டங்குடி பக்கம் பறவைகள் வந்திருக்கும் காலத்தில் படகோடு போகாதீர்கள். அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர் அது.

கடலில் கணக்கு வேறு. தொண்டிக் கரை கிழக்கு பார்த்தது. ஆனி, ஆடியில் மேல்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும்போது கரையோரம் அலையே இருக்காது, கண்ணாடியாகத் தெரியும். அந்த அமைதியை நம்பிப் போனால் தூரம் போகப் போகக் காற்று வலுத்து, திரும்ப விடாது. ஊதும் கயாக்கும், உயரமாக மிதக்கும் எந்தப் படகும் காற்றுக்கு இன்னும் சீக்கிரம் அடிமை. மிதப்பு கூடியதற்குக் கொடுக்கும் விலை அது. போகும்போது எதிர்காற்றில் போய், திரும்பும்போது காற்றோடு வருகிற நாளாகப் பார்த்து இறங்குங்கள். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அந்தக் கடலே கொந்தளிப்பு, அப்போதுதான் கண்மாய் நிறைந்திருக்கிறதே.

கவிழ்ந்து ஏற முடியாமல் போனால் படகை விட்டு நீந்தாதீர்கள். நிரம்பிய படகானாலும் தேடி வருபவர் கண்ணுக்கு உங்கள் தலையைவிட அதுதான் முதலில் படும். கடலோரப் பாதுகாப்புக் காவலுக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. இரண்டையும் போனில் பதிந்து, போனை நீர்புகா உறையில் போட்டு ஜாக்கெட்டோடு கட்டுங்கள், படகோடு வேண்டாம். உறையோடு போன் மிதக்கிறதா என்று வீட்டு வாளியில் போட்டுப் பார்த்துவிடுங்கள், பல உறைகள் தண்ணீரை விடாது, ஆனால் போனோடு சேர்ந்து நேரே கீழே போகும். அப்படியென்றால் உறைக்குள் காற்றை விட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் வெளியே ஒரு துண்டு ஃபோம் கட்டுங்கள்.